அணையாமல் வந்த பீடி

மலையாண்டி கடையில் அன்றைக்கும் அதே வழக்குத்தான் நடந்துகொண்டிருந்தது. கண்டரமாணிக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கண்மாய்க் கரைமேல் இரண்டு மைல் நடந்து பூவங்கண்மாய்க்கு வந்த வீரலட்சுமிக்கு, கடை கண்ணில் படுவதற்கு முன்பே பேச்சு காதில் விழுந்துவிட்டது.

பஞ்சாயத்துத் தலைவர் கோட்டைச்சாமி அம்பலம் ஒரு பீடிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரனை விசாரித்துக்கொண்டிருந்தார். பீடியில் தூள் சரியில்லையாம். வீட்டு அடுப்பில் பற்றவைத்துத் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் பாதி எரிந்து போகிறதாம். கைக்கு வருவது பாதிப் பீடிதானாம். மலையாண்டி தலையை நிமிர்த்தாமல் வெல்லம் உடைத்துக்கொண்டே பதில் சொன்னான். இதே கட்டைத்தான் ஊரே வாங்குகிறது, பீடிக்குக் கால் முளைத்தா பாதியை வழியில் விட்டுவிட்டு வரும் என்றான்.

"காத்துலயே எரிஞ்சு போகுதுங்கிறேன். நீ கால் முளைக்குதாங்கிற."

"அப்ப காத்தைக் கேளுங்க. என்னைய ஏன் கேக்குறீக?"

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். வீரலட்சுமியும் சிரித்துக்கொண்டே கடையைத் தாண்டிப் போனாள். கடையின் ஓரத்தில், பீடி பற்றவைத்துக்கொள்வதற்காக எந்நேரமும் கனிந்துகொண்டிருக்கும் தேங்காய் நார்க் கயிறு தொங்கியது. அதன் நுனியில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் எம்பி நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். யாருக்கோ கொண்டுபோவதற்கு. அவளும் பார்த்தாள், வாராவாரம் பார்க்கிற காட்சி என்பதால் பார்க்காதவள் போலவே போய்விட்டாள். அதைப் பிற்பாடு நினைத்து நினைத்துத் தன்னைத் தானே வைதுகொண்டாள்.

வீரலட்சுமி ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். முப்பத்தைந்து வயது. சிவகங்கைப் பக்கத்துக்காரி. பூவங்கண்மாய்க்குச் செவ்வாய்க்கிழமைதோறும் வருவாள். பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பாள், அம்மை குத்துவாள், கைக்குழந்தைகளை நிறுப்பாள். இந்த வருஷம், எழுபத்தொன்றில், மேலிடத்திலிருந்து இன்னொரு வேலையும் வந்திருந்தது. பீடி, சுருட்டு, சிகரெட்டினால் வரும் கேட்டை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், குழந்தைகளை அதிலிருந்து காக்க வேண்டும் என்று. நெஞ்சுக்கூட்டைக் கறுப்பாக வரைந்த பெரிய படம் ஒன்றும் கொடுத்திருந்தார்கள். அதைச் சாவடியில் மாட்டினாள். ஆண்கள் கூடி நின்று பார்த்தார்கள், ரொம்பச் சரி என்றார்கள், பார்த்த அலுப்புத் தீர ஆளுக்கொரு பீடி பற்றவைத்துக்கொண்டு கலைந்து போனார்கள்.

அன்றைக்கு அவள் நேராகப் போனது தலைவர் வீட்டுக்கு. அவருடைய ஒரே மகள் அழகிக்கு ஒன்பது வயது. தை பிறந்ததிலிருந்து மூச்சிளைப்பு. காரைக்குடி டாக்டரிடம் கூட்டிப்போனதில், ஊசி போட்டு இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார். அனுப்பும்போது வீரலட்சுமிக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். பிள்ளையின் நெஞ்சில் புகை இறங்கியிருக்கிறது, எங்கேயிருந்து என்று கண்டுபிடித்து நிறுத்து, இன்னொரு முறை இதே மாதிரி வந்தால் பிழைக்கிறது கஷ்டம் என்று அதில் இருந்தது.

அடுப்புப் புகைதான் என்று தீர்மானம் பண்ணி, போன வாரம் அடுப்படிக் கூரையில் ஓடு இரண்டை எடுக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எடுத்திருந்தார்கள். வெளிச்சம் நன்றாக விழுந்தது. அந்த வெளிச்சத்தில்தான் அவள் பார்த்தாள்.

அழகி அடுப்பின் முன்னால் குந்தியிருந்தாள். கையில் ஒரு கொள்ளி, வாயில் ஒரு பீடி. கன்னம் இரண்டும் குழி விழ ஓர் இழுப்பு இழுத்தாள். நுனி சிவந்ததும் கொள்ளியை அடுப்பில் செருகிவிட்டு, மூக்கு வழியாகப் புகையை விட்டாள். அது பழகின கை, பழகின மூக்கு.

"அழகி, என்ன பண்ணுற?"

பிள்ளை திரும்பிப் பார்த்தாள். பயமில்லை. "அப்பாவுக்குக் கொண்டு போறேன் நர்சம்மா."

"நீ குடிக்கிறியா?"

"நான் எங்க குடிக்கிறேன்? அணையாம பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு எழுந்து நடந்தாள். வீரலட்சுமி பையை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். வாசல் தாண்டியதும் ஓர் இழுப்பு. புளியமரத்தடியில் ஒன்று. மந்தை முக்கில் ஒன்று. மடையருகே நின்று, இருமி, ஒன்று. இளைத்துக்கொண்டே பிள்ளை கணக்காகப் போனாள். கிணற்றடியில் அப்பாவிடம் அதைக் கொடுக்கும்போது பாதிப் பீடிதான் இருந்தது. அவர் ஏதோ முணுமுணுத்தார், மலையாண்டியைத்தான் வைதிருப்பார். பாத்திக்குத் தண்ணீர் மாற்றுகிற அவசரத்தில் பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது அழகி பெருமையாகச் சொன்னாள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் கொண்டுபோகிற பீடி மடைக்குப் போவதற்குள் அணைந்துவிடும், திரும்ப ஓடிவந்து பற்றவைக்கும்படி ஆகும், தன்னுடையது ஒரு தரம்கூட அணைந்ததில்லை, அப்பாவே சொல்லியிருக்கிறார்கள் என்றாள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று கேட்டதற்கு, பள்ளிக்கூடம் உள்ள நாளில் நாலு, இல்லாத நாளில் எட்டு, பத்து என்றாள். பள்ளிக்கூடத்துக்குத்தான் ஒரு மாதமாகப் போகவில்லையே.

அம்மா முத்தழகுவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"என்ன நர்சம்மா, எம்புள்ளை பீடி குடிக்குதுன்னு சொல்லுறீக? பத்தவச்சுக் குடுக்கிறதும் குடிக்கிறதும் ஒண்ணா?"

ஊரில் எந்த வீட்டில் கேட்டாலும் இதே பதில்தான் வரும் என்று வீரலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் பீடி குடிப்பதாக யாரும் நினைக்கவில்லை. தண்ணீர்ச் செம்பு கொண்டுபோவது மாதிரி, இதுவும் ஒரு கைவேலை.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதும் அன்றைக்கே விளங்கிவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் களத்தில் எவனோ போட்ட தீக்குச்சியில் ஏழு வைக்கோற்படப்பு எரிந்து போயிற்று. மாடுகளுக்கு வைக்கோல் இல்லாமல் அந்த வருஷம் ஊரே தவித்தது. கோட்டைச்சாமி தலைவராக வந்ததும் போட்ட முதல் தீர்மானம், மடையைத் தாண்டி வயலுக்கோ களத்துக்கோ எவனும் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது என்பது. மீறினால் ஐயனார் கோயிலுக்கு ஒரு படி எண்ணெய். அவரே முதலில் தம் மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்துக் கண்மாயில் எறிந்தார். அன்றைக்கிருந்து இன்றைக்குவரை ஒருத்தன் மீறவில்லை. பீடியை யாரும் விடவும் இல்லை. அதனால் பீடி வீட்டிலேயே பற்றவைக்கப்பட்டு, பிள்ளைகள் கையில் ஏறி மடையைத் தாண்டியது. தீர்மானத்தில் தீப்பெட்டி என்றுதானே இருந்தது.

சாயங்காலம் அவரைச் சாவடியில் பிடித்தாள். மகள் பேரைச் சொல்லாமல், ஊர்ப் பிள்ளைகளிடம் பீடிப் பழக்கம் இருக்கிறது, பஞ்சாயத்தில் ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று பொதுவாக ஆரம்பித்தாள். அவர் சிரித்தார். தம் ஊரில் அப்படி ஒரு பிள்ளை கிடையாது என்றார். காரைக்குடியில் இருக்கும், கோட்டையூரில் இருக்கும், சினிமாக் கொட்டகை இருக்கிற ஊரில் எல்லாம் இருக்கும் என்றார். நாலு பேர் கேட்கும்படி ஒரு சபதமும் செய்தார்.

"பீடியை வாயில வச்ச பிள்ளை ஒண்ணே ஒண்ணைக் காட்டுங்க நர்சம்மா. சாவடிக் கம்பத்துல கட்டி வச்சு உரிச்சுப்புடுறேன். அது எவன் வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் சரி."

வீரலட்சுமி பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவர் சொன்னால் செய்கிற மனுஷர். காலையிலேயே அழகியும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, "நான் இழுக்கிறதை மட்டும் அப்பாட்ட சொல்லிராதீக" என்று சொல்லியிருந்தாள். பேரைச் சொன்னால் இளைப்புக்காரப் பிள்ளைக்கு அடி விழும். சொல்லாவிட்டால் நாளைக்கும் எட்டுத் தரம் நெஞ்சுக்குள் புகை போகும். பஸ்ஸில் போகும்போது இதையே உருட்டிக்கொண்டு போனாள். கண்டரமாணிக்கத்திலிருந்து காரைக்குடி போய்ச் சேர்வதற்குள் வழி ஒன்று தென்பட்டுவிட்டது. அதை மலையாண்டிதான் கொடுத்திருந்தான், அவனுக்கே தெரியாமல்.

வெள்ளிக்கிழமை பஞ்சாயத்துக் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. கோட்டையூர்ச் செட்டியார் வீட்டார் கட்டிக் கொடுத்த கட்டடம். பூக்கல் பதித்த தரை, ஜன்னல் விளிம்பெல்லாம் பீடி அணைத்த கறுப்புப் புள்ளிகள். வாத்தியார் சத்தியமூர்த்தி நோட்டில் எழுத உட்கார்ந்திருந்தார். மலையாண்டியும் ஓர் உறுப்பினன்தான். கண்மாய் மராமத்து, தெருவிளக்கு எல்லாம் முடிந்து நர்ஸ் முறை வந்ததும், வீரலட்சுமி அம்மைக் குத்தலைப் பற்றியோ பீடியைப் பற்றியோ பேசவில்லை. தலைவருக்கும் மலையாண்டிக்கும் உள்ள வழக்கைத் தீர்த்துவைக்க வந்திருப்பதாகச் சொன்னாள்.

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. தலைவருக்கும் சந்தோஷம்தான்.

"தீத்து வைங்க. அரசாங்கத்து ஆளு சொன்னாலாவது இந்தப் பய கேக்குறானான்னு பாப்பம்."

மலையாண்டியிடம், அவன் கடைப் பீடிக்கட்டிலிருந்து ஒன்றை உருவித் தலைவரிடம் கொடுக்கச் சொன்னாள். அவர் பற்றவைத்து ஓர் இழுப்பு இழுத்தார். அதை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். தானாகவே பாதிவரை எரிந்தால் மலையாண்டி பீடி மோசம், எரியாவிட்டால் அவன் பேரில் குற்றமில்லை என்றாள். யாரும் அதைத் தொடக் கூடாது, ஊதவும் கூடாது.

எல்லோரும் பீடியையே பார்த்தார்கள். புகை நூலாக எழுந்தது, மெலிந்தது, நின்றது. இரண்டு நிமிஷம் ஆகவில்லை. மலையாண்டி எழுந்துபோய் எடுத்துப் பார்த்து, அணைந்ததைத் தூக்கிக் காட்டினான். ஒரு நகக்கண் அளவுகூட எரிந்திருக்கவில்லை.

"பாத்தீகளா அம்பலம்? இழுக்காம எரியிறதுக்கு எம்பீடி என்ன ஊதுவத்தியா?"

தலைவர் விடவில்லை. இது வீட்டுக்குள்ளே, காற்று கிடையாது, வெளியில் காற்றோடு வரும்போது எரியத்தான் செய்யும் என்றார். அப்படியானால் நடந்தே பார்த்துவிடலாம் என்றாள் வீரலட்சுமி. பீடி எந்த வழியாக வருகிறதோ அதே வழி, அதே தூரம். அவள் இதற்காகத்தான் காத்திருந்தாள்.

கூட்டம் அப்படியே எழுந்து தலைவர் வீட்டுக்குப் போயிற்று. முத்தழகு என்னவோ ஏதோ என்று பதறி வெளியே வந்தாள். அவர் அடுப்படிக்குள் போய், கொள்ளியில் ஒரு பீடியைப் பற்றவைத்து, ஓர் இழுப்பு இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர். வாத்தியார் நோட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். புளியமரத்தைத் தாண்டி நாலு எட்டு வைப்பதற்குள் பீடி அணைந்துவிட்டது. நனைந்த பீடியாக இருக்கும் என்று வேறொன்றைப் பற்றவைத்து வந்தார். அது மந்தை முக்கில் அணைந்தது. மூன்றாவதைக் குடை மாதிரி உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார். மந்தை முக்கைத் தாண்டிப் பத்தடி. அவ்வளவுதான்.

மலையாண்டிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மடைக்கே போகலையே அம்பலம். கெணத்துக்கு எப்பப் போறது?"

வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளும் சேர்ந்திருந்தன. அழகியும் வந்திருந்தாள். இளைத்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் அப்பா மூன்று தரம் அணையவிட்டதை அவளால் பொறுக்க முடியவில்லை. ஊரே பார்த்துச் சிரிக்க, அப்பா தெரியாத்தனமாக ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். வீரலட்சுமி அவளைப் பின்னுக்கு இழுக்கக் கை நீட்டுவதற்குள் பிள்ளை முன்னால் போய்விட்டது.

"அப்படியே புடிச்சுக்கிட்டு வந்தா அணைஞ்சிரும்ப்பா."

அவர் குனிந்து பார்த்தார். "பின்ன எப்படிப் புடிக்கணும்?"

"வாசல்ல ஒண்ணு, புளியமரத்துல ஒண்ணு, மந்தை முக்குல ஒண்ணு..." என்று விரலை மடக்கிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். நர்சைத் திரும்பிப் பார்த்தாள். விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

"ஒண்ணுன்னா என்னாத்தா? ஒரு என்ன?"

  ஓர் இருமல் வந்து அவளை இரண்டாக மடித்தது. இருமி முடிப்பதற்கு வெகுநேரம் ஆயிற்று.  கோட்டைச்சாமி தம் கையிலிருந்த, அணைந்த முழுப் பீடியைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். பின்னால் நின்ற மற்றப் பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மந்தை முக்கில் கிடந்த கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு வாரது பாதி" என்றார். "மிச்சப் பாதி..."

 சாவடிக் கம்பம் நாற்பதடி தூரத்தில்தான் இருந்தது. அவர் எழுவதற்குள் பேசிவிட வேண்டும் என்று வீரலட்சுமி முன்னால் வந்து, பிள்ளைக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"அய்யா, அழகி பீடி குடிக்கலை. நீங்க சொன்ன வேலையை ஒழுங்காச் செஞ்சிருக்கு. இந்த ஊர்ல வேலை சொன்னா செய்யிற பிள்ளைக எல்லாத்துக்கும் நெஞ்சுல இதுதான் இருக்கு. படப்பு எரிஞ்சதுக்குத் தீப்பெட்டியை நிறுத்துனீக. தீயைப் பிள்ளைக கையில குடுத்துவிட்டீக. காரைக்குடி டாக்டர் எழுதியிருக்காரு, இன்னொரு தடவை இளைப்பு முத்துனா பிள்ளை தாங்காதுன்னு."

அவர் அண்ணாந்து பார்த்தார். "இது உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"செவ்வாக்கிழமையே தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"கம்பத்துல கட்டுறேன்னு சொன்னீகளே."

 மலையாண்டிகூடச் சிரிக்கவில்லை. அவன் கடைக் கயிற்றில் எம்பி எம்பிப் பற்றவைத்த பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தானோ என்னவோ. கோட்டைச்சாமி அவனைக் கூப்பிட்டார்.

"மலையாண்டி, உங் கடையில தொங்குதே கயிறு. அதை அவுத்துக் கொண்டா."

முத்தழகு ஓடிவந்து மகளை அணைத்துக்கொண்டாள். வீரலட்சுமியும் நகரவில்லை. கயிறு வந்தது. நுனி கனிந்துகொண்டே இருந்தது. அவர் அதை வாங்கி, அந்த நுனியை மந்தை மண்ணில் போட்டுச் செருப்புக் காலால் தேய்த்தார். முழுக்க அணையும்வரை தேய்த்தார். பிறகு வாத்தியாரைப் பார்த்தார்.

"கூட்டம் இன்னும் முடியலை வாத்தியாரே. நோட்டை எடுங்க. எழுதுங்க."

மந்தையிலேயே தீர்மானம் எழுதப்பட்டது. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் பீடி, சுருட்டு, சிகரெட் எதையும் கொடுக்கக் கூடாது. வாங்கிவரச் சொல்லக் கூடாது, பற்றவைத்துவரச் சொல்லக் கூடாது. கேட்டால் கடைக்காரன் கொடுக்கக் கூடாது. கடையில் கயிறு தொங்கக் கூடாது. பள்ளிக்கூடத்துக்குள்ளும், பிள்ளை இருக்கிற வீட்டுக்குள்ளும் யாரும் புகைக்கக் கூடாது. வீட்டுக்குள் என்பதை வீரலட்சுமி எடுத்துக் கொடுத்தாள். ஓர் உறுப்பினர் அது ரொம்பக் கடுசு என்றார். தலைவர் அவரைப் பார்த்த பார்வையில் அவரும் கைநாட்டு வைத்தார். மீறினால் என்ன என்று வாத்தியார் கேட்டார்.

"பழையபடி ஐயனாருக்கு எண்ணெய்தான். ஆனா ஒரு படி இல்லை, ரெண்டு படி. முதல் ரெண்டு படியை நான் நாளைக்கே ஊத்துறேன். எம்பேரை எழுதுங்க."

அப்புறம்தான் மகளிடம் வந்தார். குந்தி உட்கார்ந்து, இன்னும் மடங்கியே இருந்த விரல்களைப் பிரித்துவிட்டார். அடிக்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஒன்பது வயதுப் பிள்ளையை அவர் தூக்கி யாரும் பார்த்ததில்லை.

பங்குனி கடைசிச் செவ்வாயில் வீரலட்சுமி வந்தபோது மலையாண்டி கடையில் வழக்கு எதுவும் இல்லை. கயிறு தொங்கிய ஆணியில் வாழைத்தார் தொங்கியது. பீடி வியாபாரம் பாதியாகிவிட்டது, நர்சம்மா பிழைப்பைக் கெடுத்துவிட்டீக என்று முறையிட்டான். முறையிட்டுக்கொண்டே இரண்டு பழம் பிய்த்துக் கொடுத்தான்.

அழகி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பத்து நாளாகப் போகிறாளாம். வீரலட்சுமி நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாள். கீச்சென்ற சத்தம் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது, ஆனால் மூச்சு ஆழம்வரை போய் வந்தது. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்.

பிள்ளைக்கு அதில் மனத்தாங்கல் இருந்தது. அப்பாவே இப்போது கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிறார்களாம். வீட்டுக்குள் குடிக்கக் கூடாதென்று அம்மா கொள்ளியை வாசலுக்கே கொண்டுவந்து நீட்டுகிறாளாம். அவ்வளவு தூரம் நடக்க அலுத்துப்போய் ஒரு நாளைக்கு இரண்டு தரம்தான் வருகிறார்களாம்.

"வாசல்ல பத்தவச்சுக்கிட்டுக் கெணத்துக்குப் போறாக நர்சம்மா. பேசிக்கிட்டே போயி மந்தை முக்குலேயே அணைய விட்டுர்றாக. திரும்பி வந்து பத்தவைக்கச் சோம்பப்பட்டுக்கிட்டுத் தூரப் போட்டுர்றாக. நான் எத்தனை நாள் கொண்டு போயிருப்பேன், ஒரு நாள் அணைய விட்டிருப்பேனா?"

"விட்டிருக்க மாட்டே" என்றாள் வீரலட்சுமி. "இப்ப மூச்சை நல்லா இழு. இன்னும். இன்னும். ம், விடு."